புதிய இயங்குதளமும் பழைய கிட்டங்கியும்

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அதனை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனம் வழங்கிவந்த பொதுப் பாதுகாப்பு ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதன் வழித்தோன்றலான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கணினிகளைத் தகுதியற்றவை என ஒதுக்கிவிடுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைப் பிறரொருவர் நாள் குறித்துவிட்டார் என்பதற்காகக் குப்பையில் எறிய யாருக்கு மனம் வரும்? ஆகவே லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தின் பக்கம் பலர் திரும்புகின்றனர். பள்ளிக் கணினி அறைக்கும், சங்கப் படிப்பகத்துக்கும், பிள்ளைகள் மூவர் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொள்ளும் வீட்டுக்கும் அது பொருத்தமானதே.

இத்தகைய பழைய கணினிகளின் சில்லுகளுட் சில பாயான் லெப்பாசில் சோதிக்கப்பட்டு வந்தவையாகவே இருத்தல் கூடும். இன்டெல் நிறுவனம் 1972-இலேயே அங்கு ஆலை அமைத்தது. சில்லு செய்யும் தீவில், அதற்குப் பூட்டுப் போடும் முறை இன்னும் பரவாதிருப்பது வியப்பே.

லினக்சைக் கணினியில் நிறுவும்போது அது சில கேள்விகள் கேட்கும். உம் பெயர் என்ன? இக்கணினிக்கு என்ன பெயர்? பயனர்பெயர் யாது? கடவுச்சொல் யாது? நுழையும்போது கடவுச்சொல் கேட்க வேண்டுமா, வேண்டாவா? பெரும்பாலோர் அரை நிமிடத்தில் விடையளித்து மேலே சென்றுவிடுவர். கடவுச்சொல்லுக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டிவிடுவதும் உண்டு. நிறுவும் வேலை முழுவதிலும் மீளத் திருத்துவதற்குக் கடினமான பகுதி இந்த அரை நிமிடமே. ஏன் என்பதை அறிய, அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தல் வேண்டும்.

வீட்டுக் கணினியும் பொதுக் கணினியும்

1981-இல் வெளிவந்த எம்.எஸ்.டாஸ் என்னும் இயங்குதளத்துக்குப் பயனர் என்ற கருத்தே கிடையாது. விசைப்பலகைக்கு முன் யார் அமர்ந்தாரோ அவரே சகல அதிகாரமும் உடையவர். விண்டோஸ் 95 கடவுச்சொல் கேட்டது. ஆனால் தெரியாதவர் 'ரத்து' என்ற பொத்தானை அழுத்தினால் அவரையும் உள்ளே விட்டுவிட்டது. 2001-இல் வந்த எக்ஸ்.பி. பதிப்பில் உண்மையான பயனர் கணக்குகள் இருந்தபோதிலும், வீடுகளில் எல்லாரும் முழு அதிகாரம் பெற்ற ஒரே கணக்கையே, அதுவும் கடவுச்சொல் இன்றியே, பயன்படுத்தி வந்தனர். இவ்வாறு ஒரு தலைமுறைக்குக் கடவுச்சொல் என்பது வெறும் சடங்காய்ப் போயிற்று.

லினக்சின் குலம் வேறு. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதனைத் தொடங்கியபோது, 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்சைப் பின்பற்றியே அமைத்தார். யூனிக்சுக்கும் முன்னோடி ஒன்று உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கார்பாட்டோ என்பாரும் அவர்தம் குழுவினரும் 1961-இல் செய்துகாட்டிய கால-பகிர்வு முறையே அது. ஓர் அறையை அடைத்து நின்ற அந்த ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தினர். ஒவ்வொருவருக்கும் இத்தனை மணி நேரம் என்று பங்கு உண்டு. இவர் கோப்பை அவர் பாராமலும், இவர் பங்கை அவர் தின்னாமலும் இருக்கவே கடவுச்சொல் ஏற்பட்டது.

அந்தக் கடவுச்சொல்லையும் முதலிலேயே ஒருவர் களவாடினார் என்பது சுவையான செய்தி. ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962-இல் அவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு ஒரு துளை அட்டையில் கட்டளையிட்டார். கணினி தட்டாமல் அச்சிட்டுக் கொடுத்தது! பிறர் பெயரால் நுழைந்து தம் ஆய்வை அவர் முடித்தார். 1966-இல் வேறொரு விபத்தும் நிகழ்ந்தது. இரு கோப்புகள் இடம் மாறிப்போக, அன்றைய அறிவிப்புத் தோன்ற வேண்டிய இடத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களும், நுழைந்தவர் அனைவர் கண்முன்னும் தோன்றின.

ஆகவே, லினக்ஸ் தன்னைப் பலர் பங்கிடும் பொதுக் கணினியாகவே எண்ணிக்கொள்கிறது. ஒருவரே உள்ள வீட்டிலும் அதற்கு அந்த எண்ணம் மாறுவதில்லை.

பினாங்குத் தமிழருக்கு இந்த ஏற்பாடு புதியதன்று. லெபோ பினாங் என இன்று பெயர்ப்பலகை காட்டும் பினாங்கு வீதியில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம் ஒன்று. அதில் வரிசையாகப் பல பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு நிறுவனம். கூடம் பொது, கூரை பொது, சமையல்கூடப் பொது. ஆனால் ஒரு பெட்டிக்குள் இருக்கும் ஏட்டை அடுத்த பெட்டிக்காரர் தொடமாட்டார். நிறுவனங்கள் விலாசம் எனப்படும் சில எழுத்துகளால் பிரித்தறியப்பட்டன. கணினி ஒரு கிட்டங்கி எனக் கொண்டால், பயனர் கணக்கு பெட்டி, பயனர்பெயர் விலாசம், கடவுச்சொல் பெட்டியின் திறவுகோல்.

பெட்டிக்குள்ளும் அதிகார வரிசை இருந்தது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மேலாள் அவரிடம் அதிகாரப் பத்திரம் பெற்று இங்கே கடல் கடந்து வந்து நடத்துவார். அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் லினக்சில் புதியவரைக் குழப்பும் பெரிய முடிச்சு ஒன்று எளிதாக அவிழும்.

லினக்சில் முதலாளிக்கு 'ரூட்' என்று பெயர்; வேர் என்பது பொருள். எந்தக் கோப்பையும் அழிக்கவும், யாருடைய பெட்டியையும் திறக்கவும் வல்லவர் அவர். உபுண்டு என்னும் லினக்ஸ் வகை, 2004-இல் வந்த நாள்தொட்டு ரூட் கணக்கின் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறது; ரூட் என்ற பெயரால் யாரும் நேரே நுழைதல் இயலாது. நிறுவும்போது முதன்முதலில் உருவாக்கப்படும் பயனரே மேலாள். அவர் வேண்டும்போது மட்டும் 'சூடோ' என்ற கட்டளையின் மூலம் முதலாளியின் பெயரால் ஒரு காரியத்தைச் செய்கிறார். அப்போது தம் சொந்தக் கடவுச்சொல்லை மீண்டும் காட்டவேண்டும். மேலாள் அதிகாரப் பத்திரத்தைக் காட்டிக் கையொப்பமிடுவது போன்றதே இது. கடைக்குக் காய்கறி வாங்கப் போகும்போது அவர் அந்தப் பத்திரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதில்லை அன்றோ? சூடோ 1980-ஐ ஒட்டி நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பப்பலோ வளாகத்தில் எழுதப்பட்டது. டெபியன் என்னும் மற்றொரு வகையோ, நிறுவும்போது ரூட்டுக்கே தனிக் கடவுச்சொல் கேட்கும். அதனை வெறுமையாக விட்டால் உபுண்டுவின் வழிக்கு வந்துவிடும்.

இதனால் பெறப்படுவது ஒன்று. நிறுவும்போது கேட்கப்படும் பெயர் வெறும் பெயரன்று. அது மேலாள் நியமனம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கென்று வாங்கிய கணினியாயிற்றே என்று பிள்ளையின் பெயரையே முதலில் இடுவோர் உளர். அவர்கள் பெட்டியடிப் பையனிடம் அதிகாரப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டவர் ஆவர். முதற்கணக்கைப் பொறுப்பாளருக்கென்று வைத்துக்கொண்டு, அதனை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தாமல், பின்பு அமைப்புகள் பகுதியில் பயனர் என்ற இடத்துக்குச் சென்று, ஒவ்வொருவருக்கும் சாதாரணக் கணக்கு ஒன்று திறத்தல் வேண்டும். பொறுப்பாளரும் தமக்கு ஒரு சாதாரணக் கணக்கு வைத்துக்கொள்வதே முறை. தீய நிரல் ஒன்று எப்படியோ உள்ளே வந்துவிட்டாலும், வந்த கணக்குக்கு எவ்வளவு அதிகாரமோ அவ்வளவே அதற்கும் கிட்டும்.

பெயரும் எண்ணும்

தோட்டங்களில் காலைப் பெரட்டின்போது பெயர் கூப்பிட்டாலும், கிராணியாரின் செக்ரோலில் ஆளுக்கு ஓர் எண் உண்டு. கூலி எண்ணைப் பார்த்தே போடப்படும். லினக்சும் அவ்வாறே. திரையில் பெயரைக் காட்டினாலும் உள்ளே எண்ணால்தான் ஆளை அறியும். ரூட்டுக்கு எண் 0. உபுண்டுவிலும் டெபியனிலும் முதல் மனிதப் பயனருக்கு எண் 1000, அடுத்தவருக்கு 1001. கோப்பின் உரிமையாளர் யார் என்று வட்டில் எழுதப்படுவதும் இந்த எண்தான். இதனால் விளையும் தொல்லை ஒன்று உண்டு. அது கட்டுரையின் இறுதியில் வரும்.

பயனர்பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலேயே வைப்பது நன்று; இடைவெளி கூடாது. மலேசியத் தமிழர் பெயர்களில் தந்தை பெயருக்கு முன் வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்னும் குறியீடுகளில் உள்ள சாய்கோடு பயனர்பெயரில் அறவே ஆகாது. லினக்சில் அந்தக் கோடு ஓர் உறையையும் அதனுள் இருக்கும் உறையையும் பிரித்துக் காட்டும் குறி. பயனருக்கென ஏற்படும் உறைக்கும் அவர் பெயரே இடப்படுவதால், சாய்கோடு வந்தால் வழி குழம்பிவிடும். ஆனால் முழுப்பெயர் என்ற கட்டத்தில் தமிழிலேயே எழுதலாம். நுழைவுத் திரையில் அதுவே தோன்றும். ஆறு வயதுப் பிள்ளை தன் பெயரைத் தமிழெழுத்தில் கண்டு அதனைத் தொட்டு நுழைவது, தமிழ்ப்பள்ளி ஒன்றுக்குச் சிறு காரியமன்று.

ஒரே வகுப்பில் மூன்று கவிதாக்கள் இருப்பின், செட்டியார்கள் செய்ததுபோல் முன்னெழுத்துகளைச் சேர்த்து விலாசமாக்கிவிடலாம்.

பிறர் பெட்டியைப் பாராதிருத்தல் குறித்தும் ஒரு சொல். உபுண்டுவில் 2021 வரை, ஒரு பயனரின் உறையை மற்றவர் திறந்து படித்துப் பார்க்க முடிந்தது. மாற்ற மட்டும் முடியாது. அவ்வாண்டு ஏப்ரலில் வந்த 21.04 பதிப்பிலிருந்துதான் புதிதாகத் திறக்கப்படும் உறைகள் பிறருக்கு மூடப்பட்டன. மிகப் பழைய பதிப்பை நிறுவியவர் இதனைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

அரைத்த மாவு

கார்பாட்டோவின் கணினி கடவுச்சொற்களை எழுதியபடியே ஒரு கோப்பில் வைத்திருந்ததால்தான் மேற்சொன்ன களவும் விபத்தும் நேர்ந்தன. கடவுச்சொல்லை வைத்திராமலேயே அதனைச் சரிபார்க்கும் வழியை 1960-களில் கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடம் என்பார் கண்டார். அவ்வழி இதுவே: அரிசியையும் உளுந்தையும் ஆட்டுக்கல்லில் இட்டு அரைத்தால் மாவு வரும், மாவிலிருந்து அரிசியை மீட்க இயலாது. கணினி கடவுச்சொல்லைக் கணித முறையால் அரைத்து, மாவை மட்டும் வைத்துக்கொள்ளும். மறுநாள் பயனர் தட்டும் சொல்லையும் அவ்வாறே அரைத்துப் பார்க்கும். இரண்டு மாவும் ஒன்றாயின் கதவு திறக்கும்.

ஆயினும் கள்வன் அகராதியில் உள்ள சொற்களையெல்லாம் முன்கூட்டியே அரைத்து வைத்துக்கொண்டு ஒப்பிடலாமே! இதற்கு மாற்றாகப் பெல் ஆய்வுக்கூடத்தின் ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் இருவரும், அரைக்கும்போது ஆளுக்கொரு விதமாக 'உப்பு' சேர்க்கும் முறையைக் கையாண்டனர். கணினி நூல்களிலும் அதற்கு உப்பு என்றே பெயர். 4,096 வகை உப்புகளுள் ஒன்று சேர்வதால், இருவர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் மாவு வேறாகும். 1979-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கணக்கும் தந்தனர். மெய்யான பயனர்களின் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்ததில் 2,831, அதாவது நூற்றுக்கு 86, மிகக் குறுகியவையாகவோ எளிதில் ஊகிக்கத்தக்கவையாகவோ இருந்தன. அரைக்கும் கல் எவ்வளவு நல்லதாயினும் போடுகிற அரிசி மட்டமானால் என் செய்வது?

தாம்சனின் சொந்தக் கடவுச்சொல்லே இதற்குச் சான்றாயிற்று. சதுரங்க ஆட்டத்தின் ஒரு நகர்த்தலைக் குறிக்கும் 8 குறிகளே அவர் வைத்திருந்தது. பல பத்தாண்டுகள் புதிராய் இருந்த அது, 2019-இல் ஒரு தனிமனிதரின் கணினியில் நான்கு நாளுக்குச் சற்று மேற்பட்ட வேலையில் உடைபட்டது. இன்றைய லினக்சில் யெஸ்கிரிப்ட் போன்ற முறைகள் வேண்டுமென்றே மெதுவாக அரைக்கின்றன. நுழைபவருக்கு அந்தத் தாமதம் தெரியாது. கோடிக்கணக்கில் முயலும் கள்வனுக்குத்தான் தெரியும்.

இங்கே நம் நாட்டு வழக்கம் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். அடையாள அட்டை எண்ணையே பிள்ளைகளின் கடவுச்சொல்லாக வைப்பது பலருக்கு எளிதாகத் தோன்றுகிறது. 12 இலக்கம் அல்லவா, யார் கண்டுபிடிப்பார் என்ற எண்ணம். முதல் 6 இலக்கமும் பிறந்த நாள். வகுப்பில் பிறந்தநாள் மிட்டாய் கொடுத்த பிள்ளையின் பிறந்த நாள் யாருக்குத் தெரியாது? அடுத்த 2 இலக்கம் பிறந்த மாநிலம். பினாங்கில் பிறந்தோர்க்குப் பெரும்பாலும் 07. எஞ்சியவை 4 இலக்கம். அவற்றில் 10,000 வகையே உண்டு. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஆகவே மிஞ்சுவன 5,000. தவறான சொல்லுக்குப் பின் லினக்ஸ் இரண்டு மூன்று விநாடி காத்திருக்கச் செய்யும். ஒரு முயற்சிக்கு 3 விநாடி என வைத்தாலும், எல்லாவற்றையும் முயன்று தீர்க்க 4 மணி 10 நிமிடம் போதும். கையால் தட்ட வேண்டுவதில்லை. அதற்கென நிரல் எழுதத் தெரிந்த மாணவர் இன்று அரியரல்லர். மாவுக்கோப்பே கைக்குக் கிடைத்துவிட்டால் இன்னும் விரைவில் முடியும். 12 இலக்கம் என்று நம்பியது ஒரு மழைக்கால மாலைப்பொழுதுக்குக்கூடத் தாங்காது.

நல்ல கடவுச்சொல்லுக்கு வழி என்ன? பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்திருக்கவேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்று நெடுநாள் சொல்லி வந்தனர். அமெரிக்கத் தர நிர்ணய நிலையம் 2003-இல் அவ்வாறு வகுத்த வழிகாட்டியை 2017-இல் தானே மாற்றிக்கொண்டது. நீளமே வலிமை, களவு போனதற்கு அறிகுறி இல்லாதபோது கட்டாயமாக மாற்றச் சொல்லுதல் வேண்டா என்பது புதிய அறிவுரை. மாற்றச் சொன்னால் மக்கள் இறுதியில் 1 இருந்த இடத்தில் 2 போடுகின்றனர். இது அனுபவம் உள்ள எந்த ஆசிரியருக்கும் முன்பே தெரிந்ததுதான்.

வகுப்பிலேயே செய்யத்தக்க முறை ஒன்று உண்டு. பிள்ளைகள் அறிந்த பொருட்பெயர்கள் 200-ஐச் சீட்டுகளில் எழுதி ஒரு பாத்திரத்தில் இட்டுக் குலுக்குதல் வேண்டும். ஒரு சீட்டை எடுத்துக் குறித்துக்கொண்டு, மீண்டும் உள்ளே போட்டுக் குலுக்கி, இவ்வாறு ஐந்து முறை எடுக்கவேண்டும். நண்டு, குடை, சாம்பல், ஏணி, மிளகு என்று வந்தால், ஏணியில் ஏறிக் குடை பிடித்த நண்டு மிளகுச் சாம்பலைத் தூவியது என்று ஒரு கோமாளிக் கதை கட்டினால் பிள்ளை மறக்காது. ஐந்து சீட்டுக்கு 32,000 கோடி வகை உண்டு. முறையின்றிப் பொறுக்கிய 8 ஆங்கிலச் சிறிய எழுத்துகளுக்கு உள்ளவை 20,882 கோடியே. ஆனால் குலுக்கல் மெய்யான குலுக்கலாக இருத்தல் வேண்டும். மனத்துக்குப் பிடித்த ஐந்து சொற்களைத் தாமே பொறுக்கினால் இக்கணக்குப் பொய்த்துவிடும். முதலாம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, பள்ளி அறைக்குள்ளேயே இருக்கும் கணினிக்கு இரண்டு சீட்டு போதும். 40,000 வகை, அட்டை எண்ணைவிட எட்டு மடங்கு.

இச்சொற்களைத் தமிழெழுத்திலேயே தட்டலாகாதா என்று தமிழார்வலர் கேட்பர். இங்கே ஒரு நுட்பமான இடர் உண்டு. தமிழில் 'தொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடு முறையில் இருவிதமாகப் பதியலாம்: ஒரே குறியீடாகவும் பதியலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. அரைத்த மாவும் வேறு. ஒரு விசைப்பலகை நிரலில் வைத்த கடவுச்சொல் மற்றொன்றில் தட்டினால் ஏற்காமற் போகலாம். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுப் பின்பு அரைக்கவேண்டும் என்று 2017-இல் வெளிவந்த இணையத் தர ஆவணம் ஒன்று கூறுகிறது. ஆயினும் எல்லா நிரல்களும் அதனைப் பின்பற்றுவன அல்ல. மேலும் நுழைவுத் திரையில் தமிழ் விசைப்பலகை வராமலே போகலாம். எனவே, தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுவதே இன்றைக்குக் காரிய சாத்தியமானது. அப்போதும் ழகரத்தை எப்படி எழுதுவது, நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பதா என்பனவற்றை முன்பே முடிவு செய்துகொள்ளவேண்டும். 'மழை' என்பதை மூவர் மூவிதமாக எழுதுவர். ஒருவரே காலையில் ஒருவிதமும் மாலையில் ஒருவிதமும் எழுதுவதும் உண்டு.

நிறுவும்போது விசைப்பலகை வகையைப் பிழையாகத் தேர்ந்தாலும் இதே தொல்லை நேரும். இங்கே விற்கும் பலகைகள் பெரும்பாலும் அமெரிக்க வகை. பட்டியலில் பிரிட்டிஷ் வகையைத் தொட்டுவிட்டால் மின்னஞ்சல் முகவரியில் வரும் சுழிக்குறியும் மேற்கோள் குறியும் இடம் மாறிக்கொள்ளும். பல லினக்ஸ் வகைகளில், கட்டளைத் திரையில் கடவுச்சொல் தட்டும்போது ஒரு புள்ளிகூடத் தோன்றாது. விசை கெட்டுவிட்டது என்று அஞ்சவேண்டியதில்லை. எத்தனை எழுத்து என்பதையும் அயலார் அறியாதிருக்கவே அந்த ஏற்பாடு.

கரும்பலகையில் எழுதிய கடவுச்சொல்

நாட்டின் கல்வி அமைச்சு 2020 ஜூனில் டெலிமா என்னும் கற்றல் தளத்தைத் தொடங்கிய பின்னர், அரசுப் பள்ளி மாணவர்க்கு இணையக் கணக்கு ஒன்று ஏற்பட்டது. கணினிக்குள் நுழையும் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு. முன்னது ஒரு கூடத்துப் பெட்டி. பின்னது எங்கிருந்தும் திறக்கக்கூடிய பெட்டி. ஆகவே இரண்டுக்கும் ஒரே கடவுச்சொல் வைத்தல் தவறு. குரோம்புக் எனப்படும் மடிக்கணினிகளில் மட்டும் இவ்விரண்டும் ஒன்றாய் இணைந்திருக்கும். இணையக் கணக்கைக் கொண்டே அதனுள் நுழைவர்.

அரை மணி நேரப் பாடவேளை, முப்பத்தைந்து பிள்ளைகள், அவர்களில் பத்துப் பேர் கடவுச்சொல்லை மறந்திருப்பர். வகுப்பு முழுவதற்கும் ஒரே சொல்லை வைத்துக் கரும்பலகையில் எழுதிவிட்டால் பாடம் உடனே தொடங்கும். இவ்வாறு செய்யும் ஆசிரியரைக் குறை கூறுவது எளிது. அவருடைய பத்து நிமிட இழப்பை யாரும் ஈடு செய்வதில்லை. ஆயினும் விளைவை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு மாணவியின் கணக்கிலிருந்து வேறொருவரைப் பற்றி இழிவான செய்தி ஒன்று சென்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கணினியின் பதிவேடு அவள் பெயரையே காட்டும். தான் எழுதவில்லை என்று அழுவதைத் தவிர அவளிடம் வேறு சான்று இராது. மெய்யாகவே அவள் எழுதியிருப்பினும், எல்லாருக்கும் தெரிந்த சொல் அது என்று கூறித் தப்பிவிடலாம். குற்றமற்றவரைக் காக்கவும் வழியில்லை. குற்றம் செய்தவரைத் திருத்தவும் வழியில்லை. இதனினும் பெரிய கேடு, கடவுச்சொல் என்பது எல்லாருக்கும் உரியது என்று ஏழு வயதிலேயே பிள்ளை கற்றுக்கொள்வது. உரிமையில்லாதவருக்குக் கடவுச்சொல்லைத் தெரிவிப்பதை மலேசியாவின் 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் அதன் 6-ஆம் பிரிவில் தனிக் குற்றமாகவே வகுத்தது. அதற்குரிய உச்ச தண்டனை 25,000 ரிங்கிட் அபராதம், அல்லது மூன்றாண்டுச் சிறை, அல்லது இரண்டும். பள்ளி வகுப்பறைக்காக எழுதிய பிரிவன்று அது. ஆனால் காரியத்தின் கனத்தை உணர்த்தும்.

மறதிக்கு மருந்து கரும்பலகையில் இல்லை. மேலாளின் அதிகாரத்தில் இருக்கிறது. பிள்ளைகளின் கடவுச்சொற்களைப் பட்டியலாக எழுதி வைத்திருப்போர், பட்டியல் இல்லாவிடில் மறந்த பிள்ளையின் வேலையெல்லாம் அழிந்துபோகும் என்று அஞ்சுகின்றனர். அது வீண் அச்சம். பழைய சொல்லை அறியாமலேயே புதிய சொல் ஒன்றை இட லினக்ஸ் மேலாளருக்கு உரிமை உண்டு. கோப்புகளுக்கு ஊறு நேராது. அடுத்த முறை நுழையும்போது பயனரே தம் கடவுச்சொல்லை அமைத்துக்கொள்ளலாம் என்ற தேர்வும் அமைப்புகள் பகுதியில் உள்ளது. அதனைத் தெரிவு செய்தால் ஆசிரியருக்கும் அச்சொல் தெரியவேண்டியதில்லை. இரண்டு விதிவிலக்கு உண்டு. உலாவி முதலியன சேமித்து வைத்த பிற கடவுச்சொற்களின் கொத்து, பழைய சொல்லுக்கே திறக்கும். வட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருந்து அதன் சொல் தொலைந்தால், மீட்க எவராலும் ஆகாது.

மறையாக்கம் இல்லாத கணினியில் கடவுச்சொல்லின் காவல் எவ்வளவு என்பதையும் அறிந்திருத்தல் நன்று. இயந்திரத்தையே கையில் வைத்திருப்பவர், அதனை மீட்பு நிலையில் தொடங்கி ரூட்டாகவே நுழைந்து, யாருடைய கடவுச்சொல்லையும் மாற்றிவிடலாம். கிட்டங்கிப் பெட்டியின் பூட்டு கூடத்தில் இருப்போர்க்கே. பெட்டியையே தூக்கிச் செல்பவனுக்கு அது தடையன்று. பள்ளி அறைக் கணினிக்கு அறைக்கதவின் பூட்டே போதும். மதிப்பெண்களும் பிள்ளைகளின் குடும்ப விவரங்களும் அடங்கிய அலுவலகக் கணினிக்கு மறையாக்கம் வேண்டும். அதன் சொல்லையும் மேலாள் கணக்கின் சொல்லையும் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அலமாரியில் பூட்டி வைக்கலாம். காகிதத்தில் எழுதுவது பாவமன்று. அந்தக் காகிதத்தை விசைப்பலகையின் அடியில் வைப்பதுதான் பாவம்.

இனி, முன்பு சொல்லாமல் விட்ட எண்ணின் தொல்லை. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை பள்ளியை விட்டுச் செல்கிறாள். பொறுப்பாசிரியர் அவள் கணக்கை நீக்குகிறார். படங்களும் கட்டுரைகளும் இருக்கட்டும் என்று கோப்புகளை மட்டும் விட்டுவைக்கிறார். அவளுடைய எண் 1035, அதுவே கடைசி எண்ணாகவும் இருந்தது எனக் கொள்வோம். ஜனவரியில் புதிதாகச் சேரும் பிள்ளைக்குக் கணக்குத் திறந்தால், காலியான அதே 1035-ஐ இயங்குதளம் கொடுத்துவிடக்கூடும். கோப்புகளின்மேல் பெயர் எழுதப்படவில்லை, எண்ணே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே போன பிள்ளையின் கோப்புகள் யாவும், யாரும் கொடுக்காமலேயே, வந்த பிள்ளைக்கு உரியனவாகிவிடும். அவள் தனிப்பட எழுதி வைத்த நாட்குறிப்பும் அதில் அடக்கம். இதனைத் தவிர்க்க, பள்ளியை விட்டுச் செல்லும் பிள்ளையின் கணக்கை உடனே நீக்காமல் முதலில் பூட்டி வைக்கவேண்டும். கோப்புகளை ஒரு பேனா வட்டில் எடுத்து அவளிடமே கொடுத்துவிடவேண்டும். பின்பு கணக்கையும் உறையையும் ஒருசேர நீக்கவேண்டும். ஆண்டிறுதி விடுமுறைக்கு முன்னுள்ள வாரம் இவ்வேலைக்கு ஏற்றது. பிள்ளைகள் அப்போது பள்ளியில்தான் இருப்பர்.